சிகிஹோரில் பத்து நாள்: எந்த ஊரில் தங்குவது?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா இல்லாமலே 14 நாள் பிலிப்பைன்ஸில் சுற்றலாம் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்ததிலிருந்து எனக்கு வரும் போன் கூடிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து இரண்டு முறை அந்நாட்டின் சிகிஹோர் தீவுக்குப் போய் வந்தவன் என்பதால், உறவிலும் நட்பிலும் யார் கிளம்பினாலும் என்னைத்தான் பிடிக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி. "அங்கே எந்த ஊர்ல ரூம் போடுறது?" ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

முதலில் நாள் கணக்கு. அந்த 14 நாளை நீட்டிக்க வழியில்லை. விமானத்தில் செபுத் தீவில் இறங்கி ஓர் இரவு, பக்கத்து நெக்ரோஸ் தீவின் துமகெத்தேயில் ஓர் இரவு, திரும்பும்போதும் கொஞ்சம் இடைவெளி என்று கழித்தால் தீவுக்கு மிஞ்சுவது பத்து நாள். செபுவின் தெற்குப் பேருந்து நிலையத்தில் மஞ்சள் பேருந்தில் ஏறினால், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடலாக செபுத் தீவின் தென்முனையில் உள்ள லிலோவான் துறை வரை போகலாம். அங்கிருந்து அரை மணி நேரக் கப்பலில் சிபுலான், பக்கத்திலேயே துமகெத்தே. மறுநாள் விரைவுப் படகில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சிகிஹோர். போஹோல் தீவின் தக்பிலாரனிலிருந்தும் படகு உண்டு. கடல் கொந்தளித்தால் கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும். அதனால் விமானத்துக்கு முந்தைய இரவைத் தீவில் வைக்காதீர்கள், செபுவிலோ துமகெத்தேயிலோ வையுங்கள்.

சிகிஹோர் ஒரு தீவு, அதுவே ஒரு மாகாணமும்கூட. 1971 வரை நெக்ரோஸ் ஓரியந்தால் மாகாணத்தோடு இருந்து, பிறகு தனியாகப் பிரிந்தது. 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 1,03,395. ஆறே ஊர்கள்: தலைநகரான சிகிஹோர், லரேனா, என்ரிகே வில்லனுவேவா, மரியா, லாசி, சான் ஹுவான். இந்த ஆறையும் கோத்துக்கொண்டு கடலோரமாகவே ஒரு வட்டச் சாலை போகிறது, 70 கிலோமீட்டர் சொச்சம். எங்கும் நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிய வாசலுக்கே திரும்பிவிடலாம்.

அதனால்தான் சொல்கிறேன், பார்க்க வேண்டிய இடங்களை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அருவி லாசியில் இருக்கிறது, மாலைச் சூரியன் சான் ஹுவானில் இறங்குகிறது, குதிக்கும் பாறை மரியாவில் இருக்கிறது. எங்கே தங்கினாலும் எல்லாம் கைக்கு எட்டும் தூரம்தான். நீங்கள் இல்லாதபோது அருவி எப்படி இருந்தால் என்ன? நீங்கள் கண் விழிக்கும் வாசலில் கடல் எப்படி இருக்கிறது, இருட்டிய பிறகு தெரு எப்படி இருக்கிறது, இந்த இரண்டும்தான் பத்து நாளும் உங்களோடு இருக்கப் போகிறவை.

வாசலில் கடல் எப்படி இருக்கும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. அங்குள்ளவர்கள் ஆண்டை இரண்டு காற்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நவம்பர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசுவது அமிஹான். ஜூனிலிருந்து அக்டோபர் வரை தென்மேற்கிலிருந்து வருவது ஹபகாத். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பேசும் நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அமிஹான் மாதங்களில் தீவின் மேற்கும் தெற்கும் குளம்போல் அடங்கிக் கிடக்கும், வடக்கும் கிழக்கும் அலையடிக்கும். ஹபகாத் வந்தால் அப்படியே தலைகீழ். ஏப்ரல், மே இரண்டு மாதமும் எந்தப் பக்கமும் அமைதி, ஆனால் வெயில் கொளுத்தும்.

இதை நான் முதல் பயணத்தில் தெரிந்துகொள்ளவில்லை. ஜனவரிக் கடைசியில் சான் ஹுவானில் தங்கினேன், கடல் கண்ணாடி மாதிரி இருந்தது, அதுதான் அந்த ஊரின் குணம் என்று நம்பிவிட்டேன். இரண்டாவது முறை ஆகஸ்டில் போனபோது அதே கரையில் அலை மண்ணைக் கலக்கி அடித்துக்கொண்டிருந்தது. கடற்பாசி முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தது. இரண்டு நாள் பொறுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மரியாவுக்கு மாறினேன். அங்கே தண்ணீர் அசையாமல் நின்றது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு கடல்.

அப்புறம் வற்றமும் ஏற்றமும். இது பவழம் படிந்து உயர்ந்த சுண்ணாம்புத் தீவு. உள்நாட்டில் புதிதாக உழுத வயலில் ராட்சதச் சிப்பியின் புதைபடிவம் கிடைக்கும், அந்த அளவுக்கு இது பழைய கடல்தரை. அதனால் கரையை ஒட்டிப் பல இடங்களில் ஆழமில்லாத பாறைத் திட்டு நீண்டு கிடக்கிறது. கடல் வற்றினால் நூறு இருநூறு மீட்டருக்கு அது வெளியே வந்துவிடும். நீந்தலாம் என்று துண்டோடு வந்தவர்கள் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார்கள். படத்தில் பார்த்த நீலம் எங்கே போனது என்று விடுதிக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு முன்பே அந்த வாரத்தின் ஏற்ற வற்ற நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் கடல் வற்றும் நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள். அந்தத் தீவில் நான் மிகவும் விரும்பிய நேரம் அதுதான். சான் ஹுவானில் ஒரு விடியற்காலை, வெளிச்சம் சரியாக வரும் முன்பே பெண்களும் பிள்ளைகளும் பிளாஸ்டிக் வாளியோடு திட்டில் இறங்கிவிட்டார்கள். இதற்கு பங்கின்ஹாஸ் என்று பெயர். வற்றிய கடலில் குனிந்து பொறுக்குவது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, துருப்பிடித்த சின்னக் கத்தியால் பாறை இடுக்கைத் துழாவிக்கொண்டே போனார். சங்கு, பாசி, இரண்டு விரல் நீளத்தில் ஒரு ஆக்டோபஸ் என்று வாளியில் விழுந்தன. நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, துயோம் என்கிற கடல் முள்ளெலி ஒன்றை எடுத்தார். கல்லில் தேய்த்து முள்ளை உதிர்த்து, கத்தி முனையால் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த குடலைக் கடல் தண்ணீரிலேயே அலசிவிட்டு நீட்டினார். ஓட்டின் உட்புறம் ஐந்து வரிசையாக ஆரஞ்சு நிறச் சினை ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்து வாயில் வைத்தேன். உப்பும் இனிப்புமாக, கடலையே வெண்ணெய் ஆக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. பணம் கொடுக்கப் போனேன். சிரித்துவிட்டு அடுத்த பாறைக்குப் போய்விட்டார்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

சான் ஹுவானைத்தான் பத்தில் எட்டுப் பேர் எடுக்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை. மேற்கு பார்த்த கரை. பலிதோன் கடற்கரையில் வெள்ளை மணலில் உட்கார்ந்தால், எதிரே நெக்ரோஸ் மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை முழுதாகப் பார்க்கலாம். ஆழ்கடல் நீச்சல் கற்றுக்கொடுக்கும் கடைகள் இங்கேதான் அதிகம். துபோத் கடல் காப்பிடத்தில் முகமூடியும் குழாயும் போட்டுக்கொண்டு கரையிலிருந்தே இறங்கிப் பவழம் பார்க்கலாம், ஆமையும் கண்ணில் படும். ஆமைகளுக்குப் பெயர்போன ஆப்போ தீவுக்கு ஒரு நாள் படகுப் பயணமும் இங்கிருந்தே ஏற்பாடு செய்கிறார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தீவின் மற்ற ஊர்களில் சாப்பாட்டுக்கடைப் பாத்திரத்தைத் திறந்தால் பன்றி, கோழி, மீன்தான். காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் உள்ளே கருவாடோ இறாலோ கிடக்கும். முட்டையும் சோறும் என்று ஓட்டலாம், ஆனால் பத்து நாள் ஓட்ட முடியாது. சான் ஹுவானில் வெளிநாட்டுப் பயணிகளுக்காக நடத்தும் உணவகங்கள் நிறைய, அங்கே சைவம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. வீட்டில் அம்மா, மாமியார் என்று சைவம் மட்டுமே சாப்பிடும் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் நான் யோசிக்காமல் சான் ஹுவான் என்றுதான் சொல்வேன். இல்லையென்றால் சமையலறையோடு வாடகைக்கு எடுங்கள். சந்தையில் கத்தரி, வெண்டை, பூசணி, முருங்கைக்கீரை எல்லாம் உண்டு. முருங்கைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மலுங்காய். முதல் தடவை காதில் விழுந்தபோது சந்தைக்கார அம்மா தமிழ் பேசுகிறாரோ என்று ஒரு கணம் திகைத்துப்போனேன்.

ஆனால் சான் ஹுவான் என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பயணிகள் தங்குவது பெரும்பாலும் ஊரில் இல்லை, ஊருக்கும் பலிதோனுக்கும் நடுவே நீளும் சாலையோரத்தில். அங்கே கட்டுமானம் நடந்துகொண்டே இருக்கிறது, இரவில் பாட்டுச் சத்தம், வாடகையும் தீவிலேயே அதிகம். உங்களைச் சுற்றி இருப்பவர்களும் உங்களைப்போல் வந்தவர்கள்தான். ஊரின் நடுவே தங்கினால் கதை வேறு. தேவாலயத்துக்கு எதிரே கபிலாய் ஊற்று இருக்கிறது. நிலத்தடியிலிருந்து பொங்கும் நன்னீரைக் கல்தொட்டி கட்டி நிறுத்தி, ஊரே குளிக்கும் குளமாக்கியிருக்கிறார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் பையைப் புல்லில் எறிந்துவிட்டுச் சீருடையோடு விழுவார்கள். கடலில் ஊறி உப்புப் பூத்த உடம்போடு வந்து அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கிப் பாருங்கள், அறையில் குளிக்கவே தோன்றாது.

தலைநகரான சிகிஹோர் நகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. துமகெத்தே படகுகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கின்றன. துறைமுகத் தண்ணீரே பச்சைக் கண்ணாடியாக இருக்கும், இறங்கியதும் எல்லாரும் அங்கேயே படம் எடுக்க நின்றுவிடுவார்கள். எதிரே புனித பிரான்சிஸ் தேவாலயம். தீவின் முதல் கத்தோலிக்கப் பங்கு 1783-இல் இங்கேதான் தொடங்கியது. மாகாண மருத்துவமனை இங்கே இருக்கிறது, வங்கியும் பணம் எடுக்கும் இயந்திரமும் இருக்கின்றன. இதய நோய், சர்க்கரை என்று அடிக்கடி மருத்துவம் தேவைப்படுபவர்களோடு போகிறீர்கள் என்றால் இந்த ஊரிலோ, இங்கிருந்து சான் ஹுவான் போகும் வழியிலோ தங்குங்கள். மற்றவர்கள் முதல் நாள் பணம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

லரேனா வேலைக்கான ஊர். தனி மாகாணம் ஆவதற்கு முன் இதுதான் தீவின் தலைநகர். ஆழமான துறைமுகம் என்பதால் லாரிகளை ஏற்றி வரும் பெரிய கப்பல்கள் இங்கே வருகின்றன. அரசுக் கல்லூரியும் இங்கேதான். மாலையில் துறைமுகச் சாலையில் மாணவர்கள் கூட்டமாக நின்று வறுத்த தின்பண்டம் சாப்பிடுவார்கள். பயணியைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. தங்குவதற்கு ஊருக்குள் இல்லாமல் கொஞ்சம் வடக்கே சந்துகான் கரைக்குப் போங்கள். மீனவர் குடியிருப்பும் அதன் ஓரமாகச் சில விடுதிகளும் மட்டும். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை கிடைத்து ஐரோப்பாவிலிருந்தோ சிங்கப்பூர் நீள்வார இறுதியிலோ கிளம்புகிறவர்களுக்குச் சந்துகான் நல்ல தேர்வு. ஹபகாத் அங்கே எட்டாது. டிசம்பரில் மட்டும் வேண்டாம்.

லரேனாவுக்கும் மரியாவுக்கும் நடுவில் இருக்கும் என்ரிகே வில்லனுவேவாவைத் தங்கும் ஊராகச் சொல்ல மாட்டேன். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பழைய கங்-இசோக் வீட்டையும் துலாபோஸ் அலையாத்திக் காட்டையும் ஒரு முற்பகலில் பார்த்துவிடலாம்.

மரியா அமைதியான ஊர். ஆகஸ்டில் நான் ஓடிப்போய் ஒதுங்கியது இங்கேதான். கிழக்கு பார்த்த விரிகுடா என்பதால் மாலையைக் காட்டிலும் காலை அழகு. சலக்தூங் கடற்கரைக்குப் போகும் சாலை, மனிதர்கள் நட்டு வளர்த்த துகாஸ் காட்டுக்குள் நுழைந்து போகிறது. வெயிலிலிருந்து திடீரென்று பச்சை நிழலுக்குள் புகுந்ததும் வண்டியை நிறுத்திவிடத் தோன்றும். இந்தத் துகாஸ் மரங்களால்தான் தீவுக்கே ஒரு காலத்தில் கதுகாசான் என்று பெயர். அந்த மரங்களில் இரவெல்லாம் மின்மினிகள் மொய்த்துக் கிடந்ததைப் பார்த்த ஸ்பானியர்கள் நெருப்புத் தீவு என்று அழைத்ததாகச் சொல்வார்கள். சலக்தூங்கில் பாறைமேல் மேடை கட்டியிருக்கிறார்கள், அங்கிருந்து கடலில் குதிக்கலாம். ஏற்றமா வற்றமா என்று கேட்டுக்கொண்டு குதியுங்கள். சனி, ஞாயிறுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் அண்டா குண்டாவோடு வந்து இறங்கிவிடும், வார நாளில் போனால் கடற்கரையில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். மரியாவின் குறை, இரவில் சாப்பிட இடம் குறைவு, வண்டி இல்லாவிட்டால் எங்கும் நகர முடியாது. பேசிக்கொண்டே நேரம் போக்கத் தெரிந்த இருவருக்கு ஏற்ற ஊர். சின்னப் பிள்ளைகளோடு போனால் மூன்றாம் நாளே "போர் அடிக்குதுப்பா" என்பார்கள்.

இப்போது லாசி. என் மனது இருக்கும் ஊர் இதுதான், மறைக்கவில்லை.

லாசியில் பெயர் சொல்லும்படியான கடற்கரை ஊருக்குள் இல்லை. அதனால்தான் விடுதித் தேடலில் இது கடைசியில் வருகிறது. இருப்பது தெற்கு பார்த்த ஒரு விரிகுடா, ஒரு கப்பல்துறை, ஒரு சந்தை, ஒரு தேவாலயம், அதற்கு எதிரே ஒரு பெரிய துறவியர் மடம். தேவாலயம் புனித இசிதோருக்கு உரியது, உழவர்களின் காவலர். 1884-இல் அகஸ்டின் ரெகொலெக்ட் சபையினர் பவழக்கல்லால் கட்டியது. மடம் 1887-இல் தொடங்கி 1891-இல் முடிந்தது. இரண்டுக்கும் நடுவே போகும் சாலையின் இரு பக்கமும் கிழட்டுத் தூங்குமூஞ்சி மரங்கள் கைகோத்து நிற்கின்றன. நண்பகலிலும் அந்தத் துண்டுச் சாலையில் நிழல் விழுந்தே கிடக்கும். டிரைசைக்கிள் ஓட்டுநர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இருக்கையிலேயே கால் நீட்டித் தூங்குவார்கள்.

தேவாலயத்துக்குள் செருப்புச் சத்தம் வராத நேரமாகப் பார்த்துப் போங்கள். தரை முழுக்கப் பலகை, மீன் எலும்பு வரிசையாகச் சாய்த்துச் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கும் மேல் பாதங்கள் தேய்த்ததில் நடுப்பாதை பளபளவென்று மின்னுகிறது, ஓரம் மட்டும் மங்கல். எதிரே மடத்தின் கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். மாடியில் ஒரு சின்ன அருங்காட்சியகம். எனக்கு அங்கே வைத்திருந்த பொருள்களைவிட அந்தத் தரைதான் பிடித்தது. ஒரு முழத்துக்கு மேல் அகலமான பலகைகள், ஒவ்வோர் அடிக்கும் ஒரு முனகல். கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

லாசியில் தங்கினால் கிடைக்கும் பெரிய லாபம் கம்புகஹாய் அருவி. மூன்று அடுக்காக விழும் தண்ணீர், சுண்ணாம்பு கரைந்த வெளிர்நீலம், மரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடிக் குதிக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். படத்தில் பார்த்துவிட்டு எல்லாரும் வருகிறார்கள், சான் ஹுவானிலிருந்தும் போஹோலிலிருந்தும் ஆட்கள் வந்து சேரும்போது முற்பகல் ஆகிவிடும். பிறகு கயிற்றுக்கே வரிசை. லாசியில் தூங்குகிறவர் பத்து நிமிடத்தில் அங்கே இருப்பார். நான் விடிந்ததும் போனேன், அருவியும் நானும் ஊஞ்சல் கட்டிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களும் மட்டும். பெருமழை பெய்த மறுநாள் போகாதீர்கள், நீலம் செம்பழுப்பாகிக் கிடக்கும். அருகிலேயே கம்பலானாஸில் நூற்றாண்டுகளைக் கண்ட ஒரு பலேத்தே மரம் உண்டு, நம் ஆலமரத்தின் சொந்தக்காரன். அடியில் ஊற்று, அதில் காலை வைத்தால் மீன்கள் கடிக்கும்.

மாலையில் லாசிக்காரர்கள் கப்பல்துறைக்கு நடக்கிறார்கள். தூண்டில் போடுகிறவர்கள், கைக்குழந்தையோடு தாத்தா, சைக்கிள் பழகும் பெண். மூன்றாம் நாளே என்னைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள். வயதில் மூத்தவரை நோங், நாங் என்று கூப்பிட வேண்டும், நம் அண்ணே, அக்கா மாதிரி. அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும். துறையோரக் கடையில் ஒரு நோங் எனக்குத் துபா ஊற்றிக் கொடுத்தார். தென்னங்கள்தான், மரப்பட்டை சேர்ப்பதால் செங்கல் நிறத்தில் இருக்கும், நாக்கில் துவர்ப்பு நிற்கும். கரியில் வாட்டிய மீனும், தென்னங்குருத்தோலையில் முடைந்து வேகவைத்த புசோ என்கிற சோற்றுப் பொட்டலமும் கூட. சைவக்காரர்களுக்கு லாசி சிரமம் என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

நாலு மணிக்கே சேவல் கூவும், வார இறுதியில் யாராவது ஒரு வீட்டில் நள்ளிரவு வரை விடியோகே பாட்டு ஓடும். இது எந்த ஊரிலும் தப்பாது. தூக்கம் சரியாக வராதவர்கள் காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

அப்புறம் மின்சாரம். 2025-இல் தீவு முழுதும் நாளெல்லாம் மின்வெட்டு நீடித்து, மே மாதம் மாகாண நிர்வாகம் பேரிடர் நிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு கூடுதல் மின்னாக்கிகள் கொண்டுவந்தார்கள். இருந்தாலும் முன்பதிவுக்கு முன் ஜெனரேட்டர் இருக்கிறதா, அது குளிர்சாதனத்தையும் தாங்குமா, விளக்குக்கு மட்டுமா என்று கேட்டுவிடுங்கள். இந்த விஷயத்தில் சான் ஹுவானின் பெரிய விடுதிகள் முன்னால் நிற்கும், லாசி, மரியாவின் சின்ன வீடுகள் பின்தங்கும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று மடிக்கணினியோடு போகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த ஊர் என்றாலும் பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் இன்னொன்று உண்டு. "அது சூனியக்காரத் தீவாமே?" சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ தோழி ஒருவரே, நான் போகிறேன் என்றதும் சிலுவை போட்டுக்கொண்டார். போய்ப் பார்த்தால் அங்கே இருப்பவர்கள் மனனம்பால் எனப்படும் நாட்டு வைத்தியர்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் காட்டிலும் கடற்கரையிலும் வேர், பட்டை, இலை சேகரித்து, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை தீவின் நடுவில் உள்ள பந்திலான் மலைப்பகுதியில் கூடிக் காய்ச்சுகிறார்கள். பொலோ-பொலோ என்று ஒரு முறை உண்டு. கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு கறுப்புக் கல்லைப் போட்டு, உடம்பைச் சுற்றிக் கொண்டுபோய்க்கொண்டே குழலால் ஊதுவார்கள். தண்ணீர் கலங்கினால் அங்கே நோய் என்பது கணக்கு. மந்திரித்துத் திருநீறு போட்டு வளர்ந்த நமக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது? மரியாதையாகப் போய் மரியாதையாகத் திரும்ப வேண்டும், வேடிக்கைப் படம் எடுக்கப் போகக் கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

போக்குவரத்தையும் யோசித்துத்தான் ஊரை முடிவு செய்ய வேண்டும். பொது வண்டிகள் மாலையோடு குறைந்துவிடும், டிரைசைக்கிளில் ஊர்விட்டு ஊர் போகப் பேரம் பேச வேண்டும். பெரும்பாலோர் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட இந்திய உரிமம் 90 நாள் வரை செல்லும், ஆனால் அதில் இருசக்கர வண்டிக்கான அனுமதி இருக்க வேண்டும். ஓட்டத் தெரியாதவர்கள், ஓட்ட விரும்பாதவர்கள் லாசியையும் மரியாவையும் விட்டுவிடுங்கள். சான் ஹுவான் ஒன்றில்தான் சாப்பாடு, கடல், கடை மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

ஆக, நான் போனில் சொல்வது இதுதான். டிசம்பர் முதல் மே வரை, முதல் தடவை, வீட்டுப் பெரியவர்களோ சைவச் சாப்பாடோ உண்டு என்றால் சான் ஹுவான், அதிலும் ஊற்றுக் குளத்துக்குப் பக்கத்தில். ஜூனிலிருந்து அக்டோபர் என்றால் பிள்ளைகளோடு சந்துகான், இருவர் மட்டும் என்றால் மரியா. தனியாகப் போகிறீர்கள், எழுத வேண்டும், படிக்க வேண்டும், சும்மா இருக்க வேண்டும், வண்டி ஓட்டத் தெரியும், மீன் சாப்பிடுவீர்கள் என்றால் எந்த மாதமானாலும் லாசி. பத்து நாளையும் நாலு ஊராக உடைக்காதீர்கள். மூட்டை கட்டுவதிலேயே பாதிப் பகல் போய்விடும், துறையில் தலையாட்டும் அளவுக்கு எந்த ஊரும் உங்களைப் பழகியிருக்காது. அதிகபட்சம் இரண்டு ஊர்.

வரும் பிப்ரவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடியும் போகிறேன். சான் ஹுவானில் ஆறு இரவு, லாசியில் சமையலறையோடு ஒரு வீட்டில் நாலு இரவு. கம்புகஹாய் படி அவருடைய முழங்காலுக்கு ஆகாது. மடத்து மாடிப்படி அகலம், கைப்பிடியும் உண்டு, மெதுவாக ஏறிவிடுவார். அந்த ஜன்னலோரத்தில் அவரை உட்கார வைக்க வேண்டும்.